ஆடும்போது பேசக்கூடாது

காய்களைச் சுண்டிக் குழிக்குள் தள்ளும் கரம் விளையாட்டில் இரட்டையர் ஆட்டம் என்றால் வாய்க்குப் பூட்டு. எதிரே இருப்பவள் உங்கள் துணைதான், ஆனாலும் அவளிடம் ஒரு சொல் பேசக்கூடாது, கண் காட்டக்கூடாது, வேண்டுமென்று கனைக்கவும் கூடாது. மீறினால் நடுவர் கை தூக்குவார். கஷ்டப்பட்டு உள்ளே தள்ளிய காய் ஒன்று வெளியே வந்துவிடும். எத்தனையோ சட்டங்களை மனிதர் ஏய்த்துப் பிழைக்கிறார்கள். நிருஷாவோ இந்தச் சட்டத்தை வீட்டுக்கே கூட்டிவந்து குடிவைத்துவிட்டாள்.

பழகும்போதே வாயைக் கட்டினால்தான் போட்டியிலும் கட்டும் என்பது அவளுடைய கட்சி. கல்லடியில் அவள் வீட்டு விறாந்தையில் பலகை போட்டதும் கணவன் சிவதர்ஷன் பூனைபோல நடக்கத் தொடங்குவான். மகள் கம்சாயினி தொலைக்காட்சியின் சத்தத்தை அடைத்துவிட்டு, வாய் மட்டும் அசைகிற மனிதர்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். காத்தான்குடியிலிருந்து ஸ்கூட்டரில் அவளுடைய ஜோடி, கணித ஆசிரியை ஸஹ்ரா வருவாள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஊமைகளாக ஆடுவார்கள். அந்தி நேர மஃரிப் தொழுகைக்கு முன் வீடு சேரவேண்டும் என்று ஸஹ்ரா அரக்கப்பரக்கப் புறப்பட்டுவிடுவாள். இப்படியே பல வருடங்கள் ஓடிவிட்டன. மாவட்டக் கிண்ணங்கள் கண்ணாடி அலுமாரியில் இடம்பிடித்து, நல்ல பீங்கான் கோப்பைகளைக் குசினிக்குத் துரத்திவிட்டன. மாகாணக் கிண்ணம் மட்டும் கைக்கு வரவில்லை.

ஸஹ்ராவைப் பற்றி நிருஷாவுக்கு என்ன தெரியும்? கடினமான காயை அடிக்குமுன் கீழுதட்டைக் கடிப்பாள், தப்பினால் மூக்கால் மூச்சு விடுவாள். இவ்வளவும் அத்துபடி. ஆனால் அவளுடைய மூத்த பிள்ளை மகனா மகளா என்று யாராவது கேட்டால் நிருஷா கொஞ்சம் யோசிக்கவேண்டியிருக்கும்.

அப்போதுதான் சிக்குன்குனியா வந்தது. காய்ச்சல் போய்விட்டது, மூட்டு நோவு போகவில்லை. சோற்றைப் பிசையவே மடங்காத விரல் ஸ்ட்ரைக்கரை எங்கே சுண்டுவது? நிருஷா விறாந்தைச் சாய்மனைக் கதிரையில் சுருண்டு கிடந்து தன் விதியைத் திட்டினாள். அம்மாவின் புலம்பலைத் தாங்கமாட்டாமல் கம்சாயினிதான் தமிழில் குரல் மாற்றிய ஒரு கொரிய நாடகத்தைப் போட்டுவிட்டாள்.

ஒரு சின்ன நகரம். அதிலே பாண் வெதுப்பி விற்கிற ரொட்டிக்கடைக்காரி ஒருத்தி. சிறுவயதில் அவளை விட்டுவிட்டுப் போன தகப்பன் கிழவனாகித் திரும்பி வருகிறார். தினமும் கடை வாசல்வரை வருவார், கண்ணாடிக் கதவுக்கு வெளியே கொஞ்சநேரம் நிற்பார், உள்ளே வராமல் போய்விடுவார். கதை அவ்வளவுதான். இதைப் போய் மனிதர் பார்ப்பார்களா என்று முதல்நாள் முகத்தைச் சுழித்தவள், மறுநாள் வேலையால் வந்த சிவதர்ஷன் தேத்தண்ணீர் கேட்டபோது, "கொஞ்சம் பொறுங்க, கிழவன் வாற நேரம்" என்றாள். பிறகு அவனும் வந்து குந்திவிட்டான். கிழவர் கதவடியில் நிற்கும்போதெல்லாம் மூன்று பேரும் தொலைக்காட்சியைப் பார்த்துக் கத்துவார்கள்: "உள்ள வாங்களன் அப்பா, ஆரு உங்களத் துரத்தினது!"

ஒருநாள் அப்படிக் கத்திவிட்டு மூவரும் விழுந்து விழுந்து சிரித்தபோது சிவதர்ஷன் சொன்னான்: "இந்த வீட்டில இவ்வளவு சத்தம் கேட்டு எவ்வளவு காலம்."

அவன் குத்திக் காட்டவில்லை, சந்தோஷத்தில்தான் சொன்னான். நிருஷாவுக்குத்தான் சுருக்கென்றது. போட்டி நாட்களில் காலை இடியப்பம் தொண்டையில் இறங்காததையும், தோற்றால் வீடே துக்க வீடாவதையும், வென்றாலும் "அப்பாடா, தோற்கவில்லை" என்பதைத் தவிர வேறொன்றும் மனதில் எழாததையும் அவள் அன்றுதான் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். ஆட்டத்தின்மேல் பக்தி என்று இத்தனை வருடம் நினைத்திருந்தது வெறும் பயம். விரல் நோவு குறையக் குறைய மனது கனத்தது. உலகத்தில் சுகமாகிக்கொண்டு வருவதற்குக் கவலைப்பட்ட ஒரே நோயாளி அவளாகத்தான் இருக்கும்.

விட்டுவிடலாம். ஆனால் ஸஹ்ராவிடம் எப்படிச் சொல்வது? மாகாணக் கிண்ணம் அவளுடைய கனவு. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. பலகையை ஒதுக்கிவைத்துவிட்டால் ஸஹ்ரா பிறகு எதற்குக் கல்லடிக்கு வருவாள்? இருவருக்கும் நடுவில் அந்தப் பலகையைத் தவிர வேறென்ன இருக்கிறது? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் நிருஷா மாகாணப் போட்டிக்கும் பெயர் கொடுத்துவிட்டாள்.

அரையிறுதி நகர மண்டபத்தில் நடந்தது. எதிரணியில் கல்முனையிலிருந்து வந்த இரண்டு இளம் பெட்டைகள். கடைசிச் சுற்று, இரு பக்கமும் சமன். ஸஹ்ரா சிவப்பை அழகாக உள்ளே இறக்கினாள். அடுத்த அடியிலேயே ஒரு வெள்ளைக் காயையும் போட்டுவிட்டால் சிவப்பு இவர்களுக்கே, இறுதியாட்டத்தில் இடமும் இவர்களுக்கே. உதட்டைக் கடித்துக்கொண்டு சுண்டினாள். காய் பலகையின் ஓரமாக உருண்டு குழிவரை போனது. குழியின் விளிம்பில் தயங்கி அப்படியே நின்றது.

"உள்ள வாங்களன் அப்பா, ஆரு உங்களத் துரத்தினது!"

மண்டபம் திரும்பிப் பார்த்தபோதுதான் கத்தியது தான் என்பது நிருஷாவுக்குத் தெரிந்தது. நடுவர் கையைத் தூக்கினார். அப்போது எதிரே இருந்து, பல வருடங்களாக ஆட்டத்தில் ஒரு சொல்லும் பேசாத வாய் திறந்தது:

"மகள் வந்து கூப்பிடாம அவர் வரமாட்டாரு கா!"

சொல்லிவிட்டு ஸஹ்ரா முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். காத்தான்குடியிலும் வீட்டுக்கு வீடு அதே நாடகம்தான் ஓடியிருக்கிறது. நடுவர் அந்தக் கையை இறக்காமலே மற்றக் கையையும் தூக்கினார். சிவப்பு நடுவுக்குப் போனது போதாதென்று, இவர்களுடைய காய்கள் இரண்டு தண்டமாக வெளியே வந்தன. கல்முனைப் பெட்டைகள் மளமளவென்று ஆட்டத்தை முடித்துவிட்டுப் பணிவாகக் கைகொடுத்தார்கள்.

இருவரும் வெளியே வந்து வாவிக்கரைச் சீமெந்துக் கட்டின்மேல் உட்கார்ந்தார்கள். வெயில் சாய்ந்திருந்தது. நிருஷா அவள் பக்கம் திரும்பினாள். இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்லமாட்டாள்.

"ஸஹ்ரா, நான் தோக்க வச்சிட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்க. மறுகா, இன்னொண்டும் சொல்லணும். இனி என்னால போட்டிக்கு ஏலாது. விரலுக்குச் சுகம்தான். மனசுதான் வரமாட்டன் எண்டு நிக்கிது."

ஸஹ்ராவின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"எனக்கு விட ஏலாது, நிருஷா," என்றாள். "எனக்கு இது உசிரு. ஏறாவூர்ல அஸீமா எண்டு ஒரு புள்ள நல்லா ஆடுறா. அவவக் கேட்டுப் பாக்கப் போறன்."

"கேளுங்க," என்றாள் நிருஷா. அவ்வளவுதான், முடிந்தது என்று அவளுக்குப் பட்டது. கண் கலங்கியது. கைப்பையைத் தேடி எடுத்துக்கொண்டு எழும்பினாள்.

ஸஹ்ரா அவள் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"எங்க போறீங்க? இனி நீங்க என்ட ஜோடி இல்லத்தானே. அப்ப இனியாவது உங்களோட கதைக்கலாமே! எத்தனை வருசமாச் சேத்து வச்சிருக்கன் தெரியுமா?"

நிருஷாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. தன்னைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். அந்தக் கை எதை எப்படி அடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். அது இவ்வளவு சூடான கை என்பது தெரியாது. தன்னைக் கதிரையில் கிடத்திய காய்ச்சலுக்கும், கொரியாவில் எங்கேயோ பாண் வெதுப்புகிறவளுக்கும், விளிம்பில் நின்றுபோன அந்த வெள்ளைக் காய்க்கும் மனதுக்குள் கும்பிட்டாள்.

"சொல்லுங்க," என்றாள்.

"முதல்ல இதக் கேளுங்க. பழக வரக்குள்ளயெல்லாம் ஒரு இஞ்சிப் பிளேன்டி தருவீங்களே. எனக்கு இஞ்சி கண்ணிலயும் காட்டப்படாது. வாயத் துறக்க ஏலாதெண்டு நீங்க வச்ச சட்டத்தால கண்ண மூடிக்கொண்டு குடிச்சன் கா!"

"அல்லாஹ்வே!" என்று நிருஷாதான் தலையில் கைவைத்தாள். "அப்ப உங்களுக்கு என்னதான் விருப்பம்?"

ஸஹ்ரா செருப்பைக் கழற்றிவிட்டு, கட்டின்மேல் காலை மடித்து வசதியாக உட்கார்ந்துகொண்டு, சொல்லத் தொடங்கினாள்.