வாட்டம்

வீரணன் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அலுமினியக் கட்டையை மண்ணின் மேல் வைத்தான். கட்டையின் முதுகில் ரசமட்டத்தை வைத்து, கன்னம் தரையில் படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தான். கண்ணாடிக்குள் இருந்த குமிழி வீட்டுப் பக்கமாக ஏறி நின்றது. வீடு மேடு, கேட்டு பள்ளம். "வாட்டம் வந்துருச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுந்தான். எழும்போது இடுப்பில் பழைய வலி ஒரு சுண்டு சுண்டியது.

"ஏத்தா ராக்கு, ஜமுக்காளத்த எறக்குங்க" என்று ரோட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

ஜமுக்காளம் என்றது புல்லைத்தான். லோடு ஆட்டோவில் சுருட்டிச் சுருட்டி அடுக்கியிருந்த மெக்சிகன் புல்லை ராக்கம்மாளும் மற்றப் பெண்களும் தலையில் வாங்கி வந்தார்கள். புல்லைச் சுருட்டி விற்பார்கள் என்றே அவர்களுக்கு இந்த வேலைக்கு வந்த பிறகுதான் தெரியும். "கல்யாண வீட்டுக்கு விரிக்கிற மாதிரில்ல இருக்கு" என்று ராக்கம்மாள் முதல் நாளே பெயர் வைத்துவிட்டாள். பெயர் நிலைத்துவிட்டது.

இந்த வேலையில் பாதி, பேச்சைப் புரிந்துகொள்வதுதான். நர்சரி முதலாளி விஜயபாண்டி வாயைத் திறந்தால் லான், எட்ஜிங், மல்ச், கிரவுண்ட் கவர் என்றுதான் வரும். வீரணன் அதையெல்லாம் பெண்களுக்கு மாற்றிச் சொல்வான். எட்ஜிங் என்றால் புல்லையும் பாதையையும் பிரிக்கிற வரப்பு. மல்ச் என்றால் மூடாக்கு. கிரவுண்ட் கவர் என்றால் தரையோடு படர்கிற செடி. அப்படிச் சொல்லிக் கொடுப்பதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. ஆனால் அவன் சொந்தச் சரக்கு ஒன்று இருந்தது. சாரத்திலிருந்து விழுந்து இடுப்பை ஒடித்துக்கொள்ளும்வரை அவன் கொத்தனார். மொட்டை மாடியானாலும் குளியலறையானாலும், தண்ணீர் தேங்காமல் ஓடுவதற்கு விடுகிற சரிவுக்குக் கொத்தனார் வாட்டம் என்பான். அந்த வார்த்தையைத் தோட்டத்துக்கும் கொண்டுவந்துவிட்டான். அதற்கு யாருக்கும் அர்த்தம் சொல்லவேண்டும் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை.

வீடு கம்பம்மெட்டு ரோட்டில் இருந்தது. முன்பு திராட்சைத் தோட்டமாக இருந்த இடம். பந்தலுக்கு நட்ட கல்தூண்கள் சில இன்னும் வேலியோரம் நின்றன. கட்டியவர் கஸ்தூரியம்மாள், தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். செம்மண்ணும் மணலும் மக்கிய சாணியும் கலந்து பரப்பி, புல் விரித்து, உருளை உருட்டி, ஓரத்தில் கூழாங்கல் கொட்டி முடித்ததும் அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் நடந்து பார்த்தார்.

"இந்தப் பொண்ணு கை சுத்தமா இருக்கு" என்று ராக்கம்மாளைக் காட்டினார். "புல்லு வேர் பிடிச்சு நல்லா வந்துருச்சுன்னா இங்கனயே இரு. தோட்டத்த நீயே பாத்துக்க. பிள்ளை பள்ளிக்கூடம் விட்டதும் இங்க வந்து ஒக்காந்து படிக்கட்டும்."

ராக்கம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். அவள் இதற்கு முன் மலைக்கு மேலே ஏலத்தோட்டத்து வேலைக்குப் போனவள். விடியுமுன் ஜீப்பில் ஏறினால் இருட்டிய பிறகுதான் இறங்குவாள். மகள் அபிதாவுக்கு வலிப்பு உண்டு. புருசன் திருப்பூர் போனவன், போனவன்தான். அவள் மலையில் இருந்த ஒரு நாள் அபிதா அடுப்புக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு விழுந்து, கை முழங்கை வரை வெந்துபோனது. அன்றோடு ஜீப்பை விட்டாள். உள்ளூரில் கிடைத்த வேலையையெல்லாம் செய்தாள். கிடைக்காத நாட்கள்தான் அதிகம்.

மறுநாள் வீரணன் ஆண்டிபட்டிக்கு வேறு வேலைக்குப் போகவேண்டும். டீச்சரம்மாவும் மகள் வீட்டுக்கு மதுரைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ராக்கம்மாளுக்கு அவன் பாடம் நடத்தினான். தண்ணீர் விடியுமுன்னே தானாக வரும். டைமர் இருக்கிறது. பெட்டியைத் தொடக்கூடாது. கையால் ஊற்றவே கூடாது, ஊற்றினால் வேர் மேலே வந்துவிடும்.

"களையப் பிடுங்கு. நாய் கீய் வராமப் பாத்துக்க. மழ பெஞ்சா வாட்டம் எப்பிடி இருக்குன்னு பாத்து எனக்குப் போனப் போடு."

"மழ பெய்யாட்டியும் தெனம் பாக்குறேண்ணே" என்றாள் அவள்.

அந்தப் போன் வந்தபோது வீரணன் ஆண்டிபட்டியில் ஒரு வீட்டு முன்வாசலில் பேவர் கல் பதித்துக்கொண்டிருந்தான். முந்தின இரவு அங்கே கோடை மழை வெளுத்து வாங்கியிருந்தது. கம்பத்திலும் பெய்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே, கட்டிங் மிஷின் சத்தத்துக்கு ஒரு காதைப் பொத்தினான்.

"அண்ணே, ராக்கம்மா பேசுறேன். வாட்டம் இருக்குண்ணே."

"இருக்கா? நல்லாத் தெரியுதா?"

"நல்லாவே தெரியுதுண்ணே. பூராப் பக்கமும் இருக்கு."

"எந்தப் பக்கம் கூட?"

"கேட்டுப் பக்கந்தேன் கூட."

வீரணனுக்கு மனம் குளிர்ந்தது. "அப்பிடித்தான் இருக்கணும்த்தா. அதுக்குத்தான அம்புட்டுப் பாடு பட்டது."

"இருக்கணுமாண்ணே?"

"பின்ன? வாட்டம் இல்லாட்டித்தான் தப்பு."

"ஓஸ்ல தண்ணி விட்டுப் பாக்கட்டுமா?"

"வேணாம் வேணாம். அதான் கண்ணுக்கே தெரியுதுங்கிறயே. நீ பாட்டுக்குக் களையப் பிடுங்கு."

"சரிண்ணே. நான் பயந்தே போயிட்டேன்" என்று அவள் சிரித்தாள். எதற்குப் பயம் என்று கேட்க வாயெடுப்பதற்குள் மிஷின் மறுபடி அலறியது. அவன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

ஆண்டிபட்டி வேலை முடிந்து அவனும் விஜயபாண்டியும் டீச்சரம்மா வீட்டுக்கு வந்தபோது, புல் இருந்த இடத்தில் வைக்கோல் விரித்ததுபோல் இருந்தது. ஷீட்டுக்கு ஷீட் ஓரம் சுருண்டு, நடுவில் மண் வாய் பிளந்து கிடந்தது. வேலிச்செடியில் இலை இல்லை. மதுரையிலிருந்து காலையில் திரும்பிய கஸ்தூரியம்மாள் வாசற்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ராக்கம்மாள் கல்தூண் ஓரமாக நின்றாள்.

விஜயபாண்டி விறுவிறுவென்று போய்த் தண்ணீர்க் குழாயில் மாட்டியிருந்த ஃபில்டரைக் கழற்றினான். உள்ளே போர்த் தண்ணீரில் வந்த மணல் கெட்டியாக அடைத்திருந்தது. டைமர் பெட்டியில் விளக்கு தன் பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்க, ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வெளியே வரவில்லை.

"இதத் தட்டிக் கழுவிருந்தா முடிஞ்சிருக்கும்" என்று ஃபில்டரைக் கல்லில் மோதினான். பிறகு ராக்கம்மாள் பக்கம் திரும்பினான். "கண்ணு இருக்குல்ல? தெனம் வந்து இங்கனதான ஒக்காந்திருந்த? புல்லு வாடுறது தெரியல? ஒரு போனப் போட என்ன?"

"போட்டேன் மொதலாளி. அண்ணன்கிட்டச் சொன்னேன். வாட்டம் இருக்குன்னேன். இருக்கணும்னு சொன்னாக. தண்ணி விடட்டுமான்னு கேட்டேன், வேணாம்னு சொன்னாக."

அப்போதுதான் வீரணனுக்கு உறைத்தது. 'இருக்கணுமாண்ணே?' என்று அவள் கேட்ட குரல் காதுக்குள் திரும்ப ஒலித்தது. அந்தச் சிரிப்பும் ஒலித்தது. அவள் புல்லைச் சொல்லியிருக்கிறாள். அவன் தரையைக் கேட்டிருக்கிறான். இரண்டு பேரும் ஒரே வார்த்தையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, ஒரு தோட்டத்தையே காயவிட்டிருக்கிறார்கள்.

விஜயபாண்டி சிரித்தான். கோபச் சிரிப்பு. "வாடுன புல்ல இருக்கட்டும்னு எவனாச்சும் சொல்லுவானா? ஏண்ணே, அப்பிடியா சொன்னீக?"

சொல்லிவிடலாம். ஒரே வாக்கியம்தான். 'தப்பு என்னுது மொதலாளி, நான் கொத்து வேலை வாட்டம்னு நெனச்சுட்டேன்.' நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் வந்த வழியில்தான் விஜயபாண்டி வண்டியில் வைத்துச் சொல்லியிருந்தான், வேலை குறைந்துவிட்டது, ஆளைக் குறைக்கவேண்டும் என்று. சாரம் ஏற முடியாத கொத்தனாரை வேறு யார் கூப்பிடுவார்கள்? வீரணன் கையிலிருந்த மண்ணை வேட்டியில் துடைத்தான்.

"போன் வந்துச்சு மொதலாளி. மிஷின் சத்தத்துல ஒண்ணும் சரியாக் கேக்கல. என்னமோ நல்லா இருக்குன்னு சொல்ற மாதிரி இருந்துச்சு."

ராக்கம்மாள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தான். திட்டியிருந்தால் தேவலை. அவள் முகத்தில் குழப்பம்தான் இருந்தது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சத்தந்தேன் மொதலாளி, மிஷின் சத்தம் எனக்கும் கேட்டுச்சு. நாந்தேன் வெவரமாச் சொல்லிருக்கணும்" என்றாள்.

"போனு கேக்கலைன்னா கூட, காஞ்சு போறத கண்ணால பாத்துக்கிட்டே இருந்திருக்க" என்றார் கஸ்தூரியம்மாள். குரலை உயர்த்தவில்லை. "நம்பி விட்டுட்டுப் போனேன். நாளையில இருந்து வர வேணாம்மா."

வீரணன் ஃபில்டரைக் கழுவப் போனான். அது சுத்தமான பிறகும் வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தான்.

இரண்டாம் முறை புல் விரித்த அன்று சாயங்காலம், ஒரு சீப்பு வாழைப்பழத்தை வாங்கிக்கொண்டு ராக்கம்மாள் வீட்டுக்குப் போனான். சொல்லிவிடவேண்டும் என்றுதான் போனான். வழியெல்லாம் வாக்கியத்தைக் கூட்டிக்கொண்டே போனான். அபிதா கதவோரம் உட்கார்ந்து, தழும்பு ஏறிய கையால் அம்மாவின் பழைய ஸ்வெட்டருக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். ஆணியில் தூக்குவாளியும் தலைக்குக் கட்டுகிற துண்டும் தொங்கின. மலைக்குப் போகிற ஏற்பாடு என்று பார்த்ததுமே தெரிந்தது.

"வாங்கண்ணே. ஒக்காருங்க" என்று ராக்கம்மாள் பாயை உதறிப் போட்டாள். டீ வைத்தாள். எதுவும் நடக்காததுபோல் ஊர்ப்பேச்சு பேசினாள். பிறகு டம்ளரைக் கொடுத்துக்கொண்டே கேட்டாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கக் கூடாது. புதுப் புல்லு வாடத்தேன் செய்யும், இருக்கணும்னு நீங்க சொன்னது என் காதுலயே நிக்கிது. நெசமாச் சொன்னீகளா, இல்ல நானா நெனச்சுக்கிட்டேனா? அது தெரியாம எனக்குத் தூக்கமே வரல. புத்தி கெட்டுப் போச்சோன்னு பயமா இருக்கு. இவளுக்கு இருக்குற கோளாறு எனக்கும் வந்துருச்சோன்னு இருக்கு."

கூட்டி வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னால், அவள் நாளைக்குக் காலையிலேயே டீச்சரம்மாவிடம் போய்ச் சொல்லமாட்டாளா? சொல்லத்தானே செய்வாள்? அது நியாயம்தானே? டம்ளர் விளிம்பையே பார்த்தான்.

"நான் அப்பிடிச் சொல்லலைத்தா" என்றான். "நீயா நெனச்சிருப்ப."

"அப்பிடித்தேன் இருக்கும்" என்று அவள் தலையாட்டினாள். "அன்னைக்கு வெயிலு வேற."

அபிதா பல்லால் நூலைக் கடித்தாள். வீரணன் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டான். தன்னைப்போல ஒரு கேடுகெட்டவன் இந்தக் கம்பத்தில் இருக்க முடியாது என்று நடக்கும்போது நினைத்தான். அதை நினைத்ததாலும் ஒன்றும் மாறிவிடவில்லை.

புல் இந்த முறை பிடித்துக்கொண்டது. பிடிக்காமல் எப்படி இருக்கும்? வீரணன் தினமும் விடியுமுன் வந்து ஃபில்டரைக் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் வேறு வேலைக்குப் போனான். யாரும் சொல்லவில்லை, கூலியும் கிடையாது. "இம்புட்டு அக்கறையா ஒரு ஆளா!" என்று கஸ்தூரியம்மாள் அதிசயப்பட்டார். ஒருநாள் ஓஸைப் பிடித்துச் சுவரோரம் தண்ணீர் விட்டுப் பார்த்தார். அது எங்கும் நிற்காமல் புல்லுக்குள் புகுந்து கேட்டை நோக்கி ஓடியது. "வாட்டம் பிரமாதம் வீரணன்" என்றார். அவருக்கு அந்த வார்த்தை தெரிந்திருந்தது. வீடு கட்டியவர் அல்லவா.

பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் ஒரு விடியற்காலை, ஸ்பிரிங்க்ளர் சுற்றிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு ஜீப் நின்றது. எதிர்ச் சந்திலிருந்து ஓடிவரும் ஒருத்திக்காக நின்றது. உள்ளே பெண்கள் ஒருவர் மடியில் ஒருவராக நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். பின்பக்கத்து ஓரத்தில் ராக்கம்மாள் கம்பியைப் பிடித்தபடி இருந்தாள். அவள் தோளில் சாய்ந்து, அந்தப் பெரிய ஸ்வெட்டருக்குள் அபிதா தூங்கிக்கொண்டிருந்தாள். பிள்ளை நழுவி விழாதபடி சேலை முந்தானையால் இருவரையும் சேர்த்துக் கட்டியிருந்தாள்.

ராக்கம்மாள் கேட்டுக் கம்பிகளுக்கு ஊடே எட்டிப் புல்லைப் பார்த்தாள். பச்சையைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"அண்ணே! வாட்டம் ஒண்ணும் இல்லையே?"

"இல்லத்தா" என்றான் வீரணன்.

ஜீப் உறுமிக் கிளம்பியது. புல்லிலிருந்து வழிந்த தண்ணீர், அவன் வைத்த வாட்டத்திலேயே ஓடி, கேட்டுக்கு அடியில் புகுந்து ரோட்டில் இறங்கியது. அதில் நனைந்த டயரின் ஈரத் தடம் இரண்டு கோடாக மலையைப் பார்த்துப் போனது.