உள்ளே மட்டும் சமத்து

என் மகள் இன்றைக்கு யாரையாவது கடித்துத் தொலைக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டிருந்தேன். பெற்றவள் வேண்டுகிற வேண்டுதலா இது? வேறு வழி தெரியவில்லை.

அவளுக்குப் பூகம்பம் என்று பெயர் வைத்தவன் என் தம்பி. சாக்ஸ் போட்டால் அலறல், தலை வாரினால் கடி, சாப்பாட்டுத் தட்டு பறக்கும். "உன்கிட்ட மட்டும்தானே இப்படிப் பண்றா? எல்லாம் நீ குடுக்கிற செல்லம்" என்பது என் கணவரின் தீர்ப்பு. அவர் வேலை முடிந்து வருவதற்குள் பூகம்பம் ஓய்ந்து தூங்கிவிடும். அவர் பார்த்தால்தானே?

உடுத்துவது, சாப்பிடுவது மாதிரி அன்றாடக் காரியங்களுக்குப் பயிற்சி தருகிற ஆக்குபேஷனல் தெரபி இவளுக்குத் தேவையா என்று இன்று இந்த மையத்தில் பார்த்துச் சொல்லப்போகிறார்கள். தேவையில்லை என்றால் பழி முழுக்க என் தலையில்தான்.

அறைக்குள் ஊஞ்சல், பெரிய ரப்பர் பந்து, மணி கோர்க்கிற தட்டு. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான். தெரபிஸ்ட் ஒரு ஜோடி சாக்ஸை நீட்டினார். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். மகாராணி வாங்கி, சுருக்கமில்லாமல் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பசையைத் தொடச் சொன்னால் தொட்டாள். 'தேங்க்யூ' வேறு! ஒரு கை மட்டும் கவுன் ஓரத்தை முறுக்கிக்கொண்டே இருந்தது.

"ரொம்ப சமத்தா இருக்காளே" என்றபடி வெளியே வந்தார் தெரபிஸ்ட்.

"சத்தியமா வீட்ல இப்படி இல்ல மேடம்."

பொய்ச்சாட்சி சொல்கிறவளின் குரல் மாதிரி எனக்கே கேட்டது. என் பிள்ளை மோசம் என்று நானே வாதாடுகிறேன். ஒருவேளை கோளாறு என்னிடம்தானோ?

வராந்தாவில் அவளுக்கு ஷூ மாட்டக் குனிந்தேன். அவ்வளவுதான். ஷூ பறந்துபோய்ச் சுவரில் மோதியது. வீறிட்டுக்கொண்டே என் கையில் பல்லைப் பதித்தாள். உயிர் போகிற வலி. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாகவும் இருந்தது.

"மேடம், வந்து பாருங்க!"

ஓடி வந்தவர் அவளை அதட்டவில்லை. கனமான போர்வை ஒன்றை அவள் மடியில் போட்டுவிட்டுத் தானும் தரையில் உட்கார்ந்தார். "நீங்க எதுவும் பேசாதீங்க. பக்கத்துலயே இருங்க, போதும்." மெல்ல மெல்லப் பல் தளர்ந்தது.

"உள்ள ஒண்ணுமே பண்ணலயே. என்மேல அப்படி என்ன கோபம் இவளுக்கு?"

"கோபம் இல்லங்க. கவுனை முறுக்கிட்டே இருந்தாளே, பார்த்தீங்களா? அவ்வளவு நேரமும் அடக்கிட்டு இருந்தா. தெரியாத ஆள்கிட்ட விட முடியுமா? உங்ககிட்ட வந்ததும் விட்டுட்டா. அடுத்த வாரத்துல இருந்து கூட்டிட்டு வாங்க. நீங்களும் உள்ளயே உட்காருங்க."

நான் ஜெயித்துவிட்டேன். ஆனால் இவர் சொன்னது பாராட்டா, ஆயுள் தண்டனையா? விளங்கவில்லை. கடித்த கையிலேயே முகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள் மகள்.

ஃபோன் அடித்தது. கணவர்.

"என்ன சொன்னாங்க? நான் சொன்னதுதானே? உன்கிட்ட மட்டும்தானே இப்படிப் பண்றா?"

இந்தக் கேள்விக்கு இல்லை, இல்லை என்று எத்தனை சண்டை போட்டிருக்கிறேன். பல் தடத்தைப் பார்த்தேன்.

"ஆமாங்க" என்றேன். "என்கிட்ட மட்டும்தான்."