யார் யாரைக் கவிழ்த்தது?

தண்ணீரில் விடலாம் என்றால் படகு நிமிர்ந்து கிடக்கும். விடக்கூடாது என்றால் கவிழ்ந்து கிடக்கும். அந்த ஏரிக்கரைப் படகுத்துறையில் இதுதான் சட்டம். அன்று காலை படகுக்காரி, அடியில் விரிசல் விட்ட நீலப் படகைத் தனியாளாகவே நிமிர்த்தி, விரிசலில் கொஞ்சம் மெழுகைத் தேய்த்துத் தண்ணீரில் இறக்கினாள்.

டிக்கெட் கொடுக்கும் பெரியம்மா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். "ஏன்டி, அதைக் கவுத்துல்ல வச்சிருந்தோம்?"

"சரி பண்ணிட்டேன் பெரியம்மா."

பொய்தான். மருந்துக்கடைக்காரன் தன் புதுப் பெண்டாட்டியோடு படகில் போட்டோ எடுத்துக்கொள்ள வருகிறானாம்.

ஒரு காலத்தில் இதே துறையில் உட்கார்ந்து, "உன் சிரிப்பு என்னை அப்படியே கவுத்துடுச்சு" என்று அவளிடம் குழைந்தவன் அவன். கல்யாண மண்டபத்துக்குச் சொன்ன பிறகு அவளைக் கைகழுவினான். அதோடு விட்டானா? "கல்யாணம் பண்ணிக்கச் சொல்லி என்னைக் கவுக்கப் பாத்தா, தப்பிச்சேன்" என்று ஊரெல்லாம் பரப்பினான். அவளுடைய அப்பா வெளியில் தலைகாட்டுவதையே நிறுத்திவிட்டார். அவள் கவிழ்ந்து படுத்துக்கொண்டு அழுத நாட்களில், "சோத்துப் பானையைக் கவுத்து வச்சா ஓடிப்போனவன் வந்துடுவானா? எழுந்து சாப்பிடுடி" என்று அதட்டியவள் பெரியம்மாதான்.

ஒரே சொல்லை அன்றைக்குப் பூவாகவும் பிறகு சேறாகவும் வீசியவனுக்கு, அதன் அசல் அர்த்தத்தைக் காட்டாமல் விடுவதில்லை என்று அவள் கறுவிக்கொண்டிருந்தாள்.

வந்தார்கள். அவளைக் கண்டதும் அவன் முகம் கடுகடுத்தது. லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு முதல் ஆளாகப் படகில் ஏறி உட்கார்ந்தான். பின்னால் காலை நீட்டிய புதுப்பெண், படகுக்காரியின் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, என்னை விட்டுடாதீங்க. எனக்குத் தண்ணின்னாலே உயிர் போயிடும்."

படகுக்காரி அவளைத் திரும்பிப் பார்த்தாள். இவள் என்ன பாவம் செய்தாள்?

"நீ ஏறாதேம்மா" என்று அவளைப் பின்னுக்கு இழுத்துவிட்டு, படகுக்காரி படகைக் காலால் எத்தினாள். அது பாதிக் கயிற்றின் தூரம் போய் ஆடி நின்றது. மீதிக் கயிறு அவள் கையில்.

"ஏய், என்ன விளையாட்டு இது? ஐயோ, தண்ணி வருது!"

"வரும். யார் யாரைக் கவுத்தது? சொல்லுங்க, இழுக்கறேன்."

"பைத்தியமா உனக்கு? இழுடி!"

"'டி'யா? அப்ப இன்னும் ஷூ நனையலை போல."

கணுக்கால் நனைந்ததும் அவன் குரல் கீச்சிட்டது. "நான்தான்! உன்மேல ஒரு தப்பும் இல்லை. இவங்கப்பா பெரிய கடையா வச்சுத் தரேன்னாரு, அதான் உன்னை விட்டுட்டேன். போதுமா?"

துறையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. பெரியம்மா டிக்கெட்டை மறந்து வெளியே வந்துவிட்டாள். படகுக்காரியின் நெஞ்சு குளிர்ந்தது. கயிற்றை இழுக்கப் போனாள்.

புதுப்பெண் குறுக்கே கை நீட்டினாள். "கொஞ்சம் குடுங்கக்கா."

கயிற்றை வாங்கிக்கொண்டு நீர் விளிம்புவரை வந்தாள். முகம் வெளுத்திருந்தது, குரல் மட்டும் வெளுக்கவில்லை.

"என்னைப் பார்த்த நிமிஷமே பிடிச்சுப்போச்சுன்னு சொன்னீங்களே, அது?"

அவன் இரண்டு கையாலும் படகின் விளிம்பைப் பற்றிக்கொண்டான். படகு ஒருபக்கமாகச் சாய்ந்தது.

"அவசரமில்லைங்க, நல்லா யோசிச்சே சொல்லுங்க" என்றபடி அவள் கயிற்றை இன்னும் கொஞ்சம் தளர்த்திவிட்டாள்.