ஆறுமணி அக்காவின் ஈரத்துண்டு

ஊரில் பாதிப் பேர் பல் தேய்ப்பதே ஆறுமணி அக்காவின் குரலைக் கேட்டுக்கொண்டுதான். பதினெட்டு வருஷமாகக் காலை ஆறிலிருந்து பத்துவரை ரேடியோவில் அவள் ராஜ்யம். எந்தச் சாலையில் நெரிசல், குடை எடுக்கணுமா வேண்டாமா, யாருக்குப் பிறந்தநாள் என்று எல்லாவற்றையும் தேன் தடவித்தான் சொல்வாள்.

அப்படிப்பட்டவள் நாற்பத்துநாலு வயதில், "நான் ஒரு ஹிப்ஹாப் ஆல்பம் போடப் போறேன்" என்றதும் வீட்டில் சிரிப்பு அடங்க அரைமணி நேரம் ஆயிற்று. சிரிக்காதவன் கொழுந்தன் ஒருத்தன்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். கதவு மூடும் சத்தம், கம்பிவடம் உராயும் சத்தம், மாடி வந்ததும் அடிக்கும் மணி என்று போகிற இடத்திலெல்லாம் போனில் பிடித்துவந்து, கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டித் தாளம் போடுவதில் அவனுக்கு ஒரு கிறுக்கு.

"எழுதி வச்சிருக்கீங்களா அண்ணி?"

அவள் பீரோவின் அடித்தட்டிலிருந்து மூன்று நோட்டுகளை எடுத்துப் போட்டாள். ரேடியோவில் பாட்டு ஓடும் மூன்று நான்கு நிமிஷங்களில், மைக் அணைந்திருக்கும்போது எழுதியவை. எட்டு வருஷத்துச் சரக்கு. கொழுந்தன் புரட்டினான், புரட்டினான், உட்கார்ந்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் படுக்கையறை ஸ்டுடியோ ஆகிவிடும். ஜன்னலுக்குக் கம்பளி, கதவுக்கு மெத்தை. பீரோவைத் திறந்துவைத்து, புருஷனின் சட்டைகளுக்கு நடுவில் தலையை நுழைத்துக்கொண்டு அவள் பாடுவாள். மின்விசிறி இரைச்சல் மைக்கில் விழும் என்பதால் அதையும் நிறுத்தியாக வேண்டும். இப்படி நாலு வாரம் வேர்த்து ஊற்றியும் ஒன்றும் உருப்படவில்லை.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. எழுத்துல அனல் பறக்குது. ஆனா நீங்க வானிலை அறிக்கை மாதிரி வாசிக்கிறீங்க."

"வார்த்தை சுத்தமா வர வேண்டாமாப்பா?"

"சுத்தமாத்தான் வருது. அதுதான் சிக்கலே. உள்ள இருக்கிற ஆளு வெளிய வர மாட்டேங்குறாங்க."

அவளுக்குச் சுருக்கென்றது. பதினெட்டு வருஷத்தில் அவள் குரலை ஒருவரும் குறை சொன்னதில்லை. அந்த வாரம் முழுக்க அவனோடு சரியாகப் பேசவில்லை.

ஐந்தாவது ஞாயிறு. வீட்டுக்காரர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். தங்கமான மனுஷர். கற்றுக்கொள்ள வந்தவர் சுவரை நோக்கிப் பாய்ந்தாலும், "பரவாயில்ல, மெதுவா பிரேக்க மிதிங்க" என்பார். அவரிடம் பெரிய குறை என்றால் ஈரத்துண்டுதான். அன்றைக்கும் குளித்துவிட்டு வந்தவர், இவர்கள் வேலையில் மூழ்கியிருப்பதைப் பார்த்து, சத்தம் போடாமல், சொட்டச் சொட்ட நனைந்த துண்டைக் கட்டில்மேல் போட்டுவிட்டுப் போனார். கட்டிலில் நோட்டு திறந்து கிடந்தது. இரண்டு பக்கத்து எழுத்தும் நீலக் குளமாகிவிட்டது.

அவ்வளவுதான். இருபது வருஷத்துக் கொதிப்பு மடை திறந்தது. தாளம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, அவள் துண்டைக் கையில் தூக்கிக்கொண்டு ஆரம்பித்தாள்:

கட்டில் என்ன கொடியா? நான் என்ன கிளிப்பா?
கண்ணு தெரியலையா, இல்ல காலையிலயே மப்பா?
சொல்லிச் சொல்லி வறண்டு போச்சு என் தொண்டை,
சொட்டச் சொட்டப் போடுறீங்க அந்தத் துண்டை!

திட்டு தாளத்தில் உட்கார்ந்தது அவளுக்கே தெரியவில்லை. கொழுந்தன் மூச்சுக்கூட விடாமல் பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டான். துண்டில் தொடங்கி, மூடாத பற்பசை, கழற்றிய இடத்திலேயே கிடக்கும் காலுறை என்று மூன்று நிமிஷம் பொரிந்து தள்ளிவிட்டு நிமிர்ந்தாள். அவன் கண்ணில் தண்ணீர்.

"வந்துட்டாங்க அண்ணி! உள்ள இருந்தவங்க வந்துட்டாங்க!"

அதைப் போட்டுக் காட்டியபோது வீட்டுக்காரர் முகம் சுண்டிப்போனது. "இது வேணாம்மா. என்கிட்ட கார் கத்துக்க வர்றவங்கல்லாம் சிரிப்பாங்க."

"உங்களுக்குப் பிடிக்கலன்னா வேணாங்க. எடுத்துடுவோம்." உதட்டளவில் சொல்லவில்லை, மனசாரத்தான் சொன்னாள்.

அவர் போனை வாங்கிக்கொண்டு, வாசலில் நின்ற பயிற்சிக் காரில் போய் உட்கார்ந்தார். மூன்று தடவை கேட்டார். திரும்பி வந்து, "நான் எந்தக் காலத்துலம்மா மப்புல இருந்தேன்? அந்த ஒரு வார்த்தைய மட்டும் மாத்தேன்" என்றார்.

"மாத்தினா கிளிப்புக்கு ஜோடி இல்லாமப் போயிடுங்க."

"போனா?"

"பாட்டே விழுந்துடும்."

அவர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "அப்ப இருந்துட்டுப் போகட்டும்."

அதற்கப்புறம் மற்ற எட்டுப் பாட்டும் மளமளவென்று வந்தன. ஆல்பத்துக்கு 'நேயர் விருப்பம் இல்லை' என்று பெயர் வைத்து, ஒரு வெள்ளிக்கிழமை இணையத்தில் ஏற்றினார்கள். ஞாயிறு இரவுக்குள் அறுபத்திரண்டு தடவை கேட்கப்பட்டதாகக் காட்டியது. அதில் முப்பது தடவை கொழுந்தன் என்பது அவளுக்குத் தெரியும்.

திங்கள் காலை, நிகழ்ச்சிக்கு நடுவில், நிலையத் தலைவி ஸ்டுடியோவுக்குள் வந்து கதவைச் சாத்தினாள். சிரித்துப் பழக்கமில்லாத அம்மாள். "உன் துண்டுப் பாட்டைக் கேட்டேன்."

அக்கா ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். வேலைக்கே உலை வைத்துவிட்டோமோ?

"எங்க வீட்டுக்காரர் துண்டைக் கட்டில்ல போடுறதில்ல" என்றாள் தலைவி. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "சாப்பாட்டு மேசையில போடுறார். போடு பாட்டை."

எட்டேகாலுக்குப் பாட்டு போனது. முடிவதற்குள் தொலைபேசி விளக்குகள் எல்லாம் மினுங்கின. முதலில் ஓர் ஆண் குரல்: "அக்கா, இப்பத்தான் போய்த் துண்டை எடுத்து வெயில்ல போட்டுட்டு வந்தேன்." அடுத்து ஒரு நர்ஸ், காலுறைக்குத் தனிப் பாட்டே வேண்டும் என்றாள். பேருந்தில் அத்தனை பேரும் சிரிப்பதாக ஓட்டுநர் ஒருவர், வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசினார். நாலாவது அழைப்பை எடுத்தாள்.

"வணக்கம், யார் பேசுறீங்க?"

"நான்தான்... துண்டு."

வீட்டுக்காரர் குரல். பின்னால் கார் கற்க வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது.

"எல்லாரும் என்னைப் பிடிச்சு ஓட்டுறாங்கம்மா. ஆனா பாட்டு ஜோரா இருக்கு. அப்புறம்... இன்னிக்கும் கட்டில்லதான் கெடக்குது. இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு."

ஒலிபரப்பு என்பதையும் மறந்து அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். தேன் தடவாத, குறட்டை மாதிரி இழுக்கிற சிரிப்பு. ஊரே அதைக் கேட்டது.

அடுத்த மாதம் நூலக மாடியில் முதல் கச்சேரி. இருநூறு நாற்காலி போட்டும் சுவரோரம் ஆட்கள் நின்றார்கள். லிஃப்ட் மெக்கானிக்குகள் வேலைச் சட்டையோடு ஒரு வரிசை முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். அவளுடைய அம்மா முன்வரிசையில் முதல் பாட்டுக்குக் காதைப் பொத்திக்கொண்டாள். இரண்டாவதற்கு நாற்காலிக் கையில் தாளம் போட்டாள்.

மூன்றாவது பாட்டின் நடுவில் ஆறுமணி அக்காவுக்கு வரி மறந்துபோனது. ரேடியோவில் மூன்று விநாடி மௌனம் விழுந்தாலே குடி முழுகிவிடும். அந்தப் பழக்கத்தில் அவள் கை அடுத்த பாட்டைப் போடும் பொத்தானைத் தேடியது. ஆனால் எதிரே இருநூறு முகங்கள் இருந்தன. ஸ்டுடியோவின் நுரைப்பஞ்சு ஒட்டிய சுவரைப் பார்த்துப் பேசியே பழகியவள், கேட்பவர்கள் முகத்தை இப்போதுதான் பார்க்கிறாள். வாயைத் திறந்தபடி ஒருத்தி, தோளில் குழந்தையோடு ஒருவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நிலையத் தலைவி.

"அண்ணி, அடுத்த வரி..." என்று பின்னாலிருந்து கொழுந்தன் கிசுகிசுத்தான்.

"இருப்பா" என்றாள் அவள், மைக்கிலேயே. "கொஞ்சம் பாத்துக்கிறேன்."