ஒரே டேக்

அம்மா இறந்து ஐந்து மணி நேரமாகியிருந்தது. மலீஹா அண்ணனுக்கு "இன்னும் ஐசியூலதான்" என்று டைப் செய்துகொண்டிருந்தாள். அனுப்பியதும் போனைச் சமையல் மேடையில் கவிழ்த்து வைத்தாள்.

"அனுப்பிட்டியா?" என்றார் அம்மாவின் தம்பி ஷாஹுல் மாமா.

"ம்."

"தனியா ஃப்ளைட்ல வர்றான். பாதி வழில சொல்லி என்ன ஆகப்போவுது? வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடு. இங்க நாலு பேர் இருக்கோம்."

ஊரில் எல்லாச் சாவுக்கும் இப்படித்தான். 'சீரியஸ், கிளம்பி வா' என்பார்கள். வருகிறவருக்குத் தெருமுனைக் கூட்டத்தைப் பார்த்ததும் புரிந்துவிடும். கடல் தாண்டி வந்த இந்த இர்விங்கில் கூட்டம் ஹாலுக்குள் இருந்தது. அம்மாவைப் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். மஃரிப் தொழுகைக்குப் பிறகு அடக்கம்.

ஹாலில் ஒரு ஆன்ட்டி சொல்லிக்கொண்டிருந்தாள். "ரசியா படத்துல அந்தப் பையன் கிச்சன்ல நிக்கிற சீன். காலேஜ்ல எல்லாம் போட்டுக் காட்டறாங்களாம். ஹசன் எப்படி நடிச்சிருக்கான்."

ரசியா அம்மாவின் பெயர். இந்த நாட்டில் நான்கு படங்கள் எடுத்தாள். எதிலும் நடிகர்கள் இல்லை. வீட்டு ஆட்கள், பக்கத்து அபார்ட்மென்ட் ஆட்கள், லாண்டரி ரூமில் பழக்கமானவர்கள். "முகம் ஒரு தடவதான் நிஜமா இருக்கும். ரெண்டாவது டேக்ல அது தன்னையே பாத்துக்கும்" என்பாள். பேட்டிகளில் இதையே ஆங்கிலத்தில் இன்னும் அழகாகச் சொல்வாள்.

அத்தா ஃப்ரீவே விபத்தில் இறந்தபோது அம்மா இரண்டாவது படத்தை எடுத்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் போலீஸ் வந்து சொல்லிவிட்டுப் போனது. பதினாறு வயது அண்ணன் ஹசன் ஸ்கூலிலிருந்து திரும்பும்வரை அம்மா அழவில்லை. கிச்சனில் காமிராவை வைத்தாள். ஃபோகஸ் பார்த்தாள். அவன் பையை இறக்கியதும் சொன்னாள்.

விருது அந்தப் படத்துக்குத்தான் கிடைத்தது. படிக்கப் போன ஹசன் தூரத்து ஊரான சான் ரமோனிலேயே தங்கிவிட்டான். பெருநாளைக்குக்கூட வருவதில்லை.

போன் அதிர்ந்தது. திருப்பிப் பார்த்தாள். "முழிச்சிருக்காங்களா? அவங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

மலீஹா கார் சாவியை எடுத்தாள். "வழிலயே சொல்லிடறேன், மாமா."

"நீயும் உங்கம்மா மாதிரி டைரக்ட் பண்ணாத. கார்ல சொல்ற விஷயமா இது? முகத்தப் பாத்துச் சொல்லணும்."

"முகத்தப் பாத்துத்தான் மாமா அன்னிக்கும் சொன்னாங்க."

மாமா குழாயைத் திறந்து, ஏற்கெனவே கழுவியிருந்த டம்ளரை மறுபடி கழுவினார்.

ஹாலில் சோபாக்களைச் சுவரோரம் நகர்த்தியிருந்தார்கள். எல்லோரும் வாசலைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார்கள். ஹசன் உள்ளே வந்தால் முதலில் இத்தனை பேரும் அவன் முகத்தைத்தான் பார்ப்பார்கள். மலீஹா தலையைக் குனிந்துகொண்டு வெளியேறினாள்.

ஏர்போர்ட்டில் ஹசன் ஒரு சின்னப் பையோடு நின்றிருந்தான். தாடியில் நரை. பையைப் பின்சீட்டில் போட்டுவிட்டு முன்னால் ஏறினான்.

"எவ்ளோ தூரம் ஹாஸ்பிட்டல்?"

"பெல்ட் போடு."

"ஃப்ளைட் ஃபுல்லா அம்மாகிட்ட சொல்ல வேண்டியதையே ப்ராக்டிஸ் பண்ணிட்டு வந்தேன். கடைசில ரெண்டே வார்த்தைதான் மிச்சம்." லேசாகச் சிரித்தான். "தூங்கிட்டு இருந்தா எழுப்பலாம் இல்ல?"

வெளியேறும் டோல் கேட்டில் கார்கள் வரிசையாக நின்றன. மலீஹா ரேடியோவை அணைத்தாள். முன்னால் நின்ற வண்டியின் சிவப்பு விளக்குகளையே பார்த்தாள்.

"அண்ணா, அம்மா காலைலயே போயிட்டாங்க. நீ ஃப்ளைட் ஏறறதுக்கு முன்னாடியே. நான்தான் சொல்லல."

முன்வண்டி நகர்ந்தது. கேட் உயர்ந்தது. வலப்பக்கம் உட்கார்ந்திருந்தவன் முகத்தைப் பார்க்காமல் அவள் காரை எடுத்தாள்.