உறைக்குள் ஒரு காந்தம்

கூரியர்காரருக்குக் கோபம் தலைக்கேறியது. கைபேசித் திசைகாட்டியில் வடக்கைத் தேடினால் கிழக்கைக் காட்டியது. அதைச் சரிசெய்ய, நடுத்தெருவில் நின்று, காற்றில் எட்டுப் போடுவதுபோல் கைபேசியைச் சுழற்றினார், ஒன்றும் நடக்கவில்லை. கைபேசியின் உறையைக் கழற்றியதும் முள் ஒழுங்காக நின்றது. மூடி திறக்காமலிருக்க உறையில் மனைவி ஆசையாகக் காந்தம் வைத்துத் தைத்திருந்தாள். எல்லாம் அதன் வேலை.

அவளிடம் எந்த வாயால் சொல்வது? அன்றிலிருந்து தெருமுனையில் உறையைக் கழற்றுவார். திரும்பி வரும்போது வீட்டு வாசலில் மறுபடி மாட்டுவார்.

மூன்றாவது வாரம் ஒரு காலையில், காந்தத்தை எடுத்துவிட்டு அவள் உறைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தினமும் வாசல்ல திருட்டு முழி முழிச்சுக்கிட்டு மாட்டுறீங்களே! நேத்து உறையில என் போனைப் போட்டுப் பாத்தேன், திசைகாட்டி தப்பாக் காட்டுச்சு, புரிஞ்சுது. முதல் நாளே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன? நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?" என்றவள், நூலைப் பல்லால் நறுக்கென்று கடித்து அறுத்தாள்.