அரை நாள் தண்ணீர்

“கெணத்துல எனக்கொரு மொறை வேணுங்கப்பா.”

சுப்பாத்தாளுக்குத் திக்கென்றது. இதை மட்டும் கேட்டுவிடாதே என்று மகள் புவனாவிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! அந்தக் கிணறு அவள் கணவர் கந்தப்பனுக்கும் கொழுந்தன் சென்னகிருஷ்ணனுக்கும் பொது. ஆளுக்கு ஒரு நாள் மோட்டார் ஓட்டுவார்கள். தண்ணீர் முறை ஆண்பிள்ளைக்கு, பெண்ணுக்கு நகை.

கிணத்துக்கடவில் ஸ்ட்ராபெர்ரியா என்று ஊரே சிரித்தது. வீட்டின் முதல் பட்டதாரியான புவனா சிரித்தவர்கள் மேல் எரிந்து விழுந்துவிட்டு, ஐப்பசியில் ஊட்டியிலிருந்து நாற்றுக் கொண்டுவந்தாள். மொட்டை மாடியில் பிளாஸ்டிக் குழாய்களில் ஓட்டை போட்டு நட்டாள். மண்ணே கிடையாது. உரத்தை மருந்து போல நிறுத்துக் கரைத்த தண்ணீர், மீன்தொட்டி மோட்டாரில் ஏறி வேரை நனைத்துக்கொண்டு ஓடும். கரண்ட் போனால் சொம்பில் மொண்டு ஊற்றுவாள். உச்சி வெயிலில் குழாய்களுக்கு ஈரச்சாக்குப் போர்த்துவாள். மார்கழியில் பழம் சிவந்து தொங்கியபோது, சுப்பாத்தாளுக்குத் தொடவே கை கூசியது. கோயம்புத்தூர் பேக்கரி ஒன்று தினம் ஒரு பெட்டி கேட்டிருக்கிறது. அதற்கு இன்னும் நாற்பது குழாய் வேண்டும், நிச்சயமான தண்ணீர் வேண்டும்.

“மண்ணே வேண்டாம்னுபோட்டு இப்பக் கெணத்தையே கேக்கறயா கண்ணு?” என்றார் கந்தப்பன்.

“வாரத்துல அர நாளுதானுங்க. எம் பேருல.”

சென்னகிருஷ்ணன் தட்டிலிருந்த ஐந்தாவது பழத்தையும் வாயில் போட்டுக்கொண்டார். “புள்ள கெட்டிக்காரிங்கண்ணா. எந் நாள்ல அர நாளு உட்டுத்தாரேன். உங்க பையன் கதிர்வேல் பேருல எழுதிப்போடலாம். நாளைக்கு இவளக் கட்டிக்குடுத்துட்டா அவம் பாத்துக்குவான்.”

“எங்கண்ணன் இன்னும் மாடிப்படியே ஏறலீங்க சித்தப்பா.”

“பேருதானே அம்மணி, அதுல என்ன இருக்குது?”

“ஒண்ணுமில்லீன்னா எம் பேருலயே எழுதுங்க.”

கந்தப்பன் கூரையைப் பார்த்தார். சென்னகிருஷ்ணன் தட்டைப் பார்த்தார். சுப்பாத்தாள் மகளைப் பார்த்தாள். வேண்டாமென்று தான் தடுத்த பேச்சு, இப்போது கேட்கக் கேட்க இனித்தது.

“கோயமுத்தூரு உக்கடத்துல எங்கூடப் படிச்ச ஹபீபுன்னிசா ஊட்டு மாடி காலியா இருக்குதுங்க. சிறுவாணித் தண்ணி வருது. பேசி முடிச்சுப்போட்டேன். டெம்போ ரோட்டுல நிக்குது.”

“அப்பறம் எதுக்கு எங்ககிட்டக் கேட்ட?”

“குடுத்திருந்தா டெம்போவத் திருப்பி அனுப்பியிருப்பனுங்கப்பா.”

மாடியேறியவள், தண்ணீர் வடித்த குழாயொன்றைச் செடிகளோடு தோளில் சாய்த்து இறங்கினாள். சுப்பாத்தாள் கதவின் இரண்டு பக்கத்தையும் அகலத் திறந்துவிட்டாள். நீளமான குழாய், இலைகூட உரசக் கூடாது. புவனா வாசலைத் தாண்டி ரோட்டைப் பார்த்து நடந்தாள்.